சூரிச்சில் நீங்கள் பார்த்த அந்த ஓவியங்கள் யாருடையவை?

வேலை விஷயமாகச் சூரிச் போயிருந்தபோது குன்ஸ்ட்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் பியூர்லே சேகரிப்பைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரென்வார், மோனே, செசான், வான்கோ எல்லாரும் அடுத்தடுத்த அறைகளில் கிடைத்தது மலைப்பாக இருந்தது, ஆனால் படத்துக்குப் பக்கத்திலேயே பீரங்கி, நாஜி, யூதர்கள் என்று ஒரே எழுத்தாக இருந்தது என்கிறீர்கள். இவை திருட்டுப் படங்களா, திருட்டு என்றால் ஏன் மாட்டி வைத்திருக்கிறார்கள், காசு கொடுத்து வாங்கியவை என்றால் எதற்கு இத்தனை விளக்கம் என்பது உங்கள் கேள்வி. நீல ரிப்பன் கட்டிய ஒரு சிறுமியின் படத்தைப் பற்றித் தனியாகவும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், 'நான் பாட்டுக்குப் படத்தை ரசித்துவிட்டு வந்தது தப்பா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்று எனக்குப் படுகிறது. ஒன்று, படம் யாரிடமிருந்து வந்தது. இன்னொன்று, அதை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது. முதல் கேள்விக்குப் படம் படமாகத்தான் பதில் சொல்ல முடியும். மொத்தச் சேகரிப்புக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. இரண்டாவதற்கு மொத்தமாகவே பதில் உண்டு, ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எதுவும் செய்ய முடியாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அங்கே போய்வருகிற பலரும் 'எல்லாமே திருட்டு' என்றோ 'எல்லாமே சட்டப்படி சரி' என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

என் தொழில், அருங்காட்சியகங்களுக்கு இடையே ஓவியங்கள் கடனாகப் போய்வரும்போது அவற்றின் நிலை அறிக்கை எழுதுவதும், கூடவே வரும் உடைமை வரலாற்றுக் காகிதங்களைச் சரிபார்ப்பதும். பல வருடங்களாக இதைச் செய்கிறேன். சூரிச்சில் நான் வேலை பார்த்ததில்லை. நான் வழக்கறிஞரும் இல்லை. ஆகவே பியூர்லே பற்றிச் சொல்லப்போவது அச்சில் வந்த ஆய்வுகளையும் ஆவணங்களையும் படித்துத் தெரிந்துகொண்டது. படத்தின் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்வது மட்டும் கைப்பழக்கத்தில் வந்தது.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். எமில் கியோர்க் பியூர்லே 1890இல் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைமில் பிறந்தவர். இலக்கியமும் கலை வரலாறும் படித்தவர். 1913இல் பெர்லின் தேசிய ஓவியக்கூடத்தில் பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களைப் பார்த்து மயங்கியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். முதல் உலகப்போரில் குதிரைப்படை அதிகாரி. மாமனார் வங்கிக்காரர், அந்த வழியில் மாக்டெபர்கில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்து, 1924இல் சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியில் இருந்த தொழிற்சாலையை நடத்த அனுப்பப்பட்டார். அங்கே 20 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியை மேம்படுத்தி விற்கத் தொடங்கினார். சில வருடங்களில் தொழிற்சாலையே அவர் கைக்கு வந்தது. 1937இல் சுவிஸ் குடியுரிமையும் கிடைத்தது.

போர் தொடங்கியபோது அவர் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் விற்றுக்கொண்டிருந்தார். 1940இல் பிரான்ஸ் விழுந்ததும், சுவிஸ் அரசின் சம்மதத்தோடு, ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் விற்றார். அவருடைய துப்பாக்கியின் வடிவமைப்பை உரிமம் பெற்று அமெரிக்கக் கடற்படையும் பிரிட்டிஷ் கடற்படையும் ஆயிரக்கணக்கில் செய்துகொண்டன என்பது கூடுதல் வேடிக்கை. போர் முடிந்தபோது சுவிட்சர்லாந்தின் முதன்மைப் பணக்காரர்களில் ஒருவர் அவர்.

ஓவியம் வாங்க ஆரம்பித்தது 1936இல். இறந்தது 1956 நவம்பரில். இந்த 20 வருடத்துக்குள் 600க்கும் மேற்பட்ட படைப்புகளை வாங்கிக் குவித்தார். இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு: அதில் பெரும்பகுதி போர்க்காலத்தில் வாங்கியது இல்லை. 1951க்கும் 1956க்கும் நடுவில், பனிப்போரால் ஆயுத வியாபாரம் மறுபடி சூடுபிடித்த காலத்தில், பாரிஸ், லண்டன், நியூயார்க்கின் முன்னணி வியாபாரிகளிடம் வாங்கியது. ஆகவே 'நாஜிகள் பறித்ததையெல்லாம் இவர் வாரிக்கொண்டார்' என்பது சரியான சித்திரம் இல்லை. அதே சமயம், 1952இல் நல்ல கடையில் ரசீதோடு வாங்கிய படமும் 1938இல் யாரிடமிருந்து எப்படிப் போனது என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. படத்துக்கு வயது கூடக்கூடக் கைமாற்றங்களும் கூடும்; கடைசி ரசீது சுத்தமாக இருப்பது முதல் ரசீதுக்குச் சாட்சி ஆகாது.

இனி, உறுதியாகத் தெரிந்தவை. போர்க்காலத்தில் பியூர்லே வாங்கியவற்றில் 13 ஓவியங்கள் கொள்ளையடிக்கப்பட்டவை என்று சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றமே முடிவு செய்து, உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வைத்தது. அவற்றில் சிலவற்றை அவர் லூசெர்ன் நகரின் தியோடோர் ஃபிஷர் என்ற வியாபாரியிடம் வாங்கியிருந்தார். பாரிஸில் யூத ஓவிய வியாபாரிகளிடமிருந்தும் சேகரிப்பாளர்களிடமிருந்தும் நாஜி அமைப்பு ஒன்று வாரியெடுத்த சரக்கு அது. உதாரணமாகக் கோரோ வரைந்த 'படிக்கும் பெண்': அது பாரிஸின் பெரிய வியாபாரி பால் ரோசன்பெர்க்குக்குச் சொந்தமானது. ரோசன்பெர்க் போர் முடிந்த கையோடு சுவிட்சர்லாந்து வந்து தன் படங்களைத் தேடிப் பிடித்தார். பியூர்லே படத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அவரிடமே முறைப்படி விலைபேசி மறுபடி வாங்கிக்கொண்டார். 13இல் 9 படங்கள் இப்படித்தான் திரும்பி வந்தன. அதோடு, தன்னை ஏமாற்றி விற்றதாக ஃபிஷர் மேல் வழக்குப் போட்டார். 1951இல் நீதிமன்றம், வாங்கும்போது பியூர்லேவுக்கு விஷயம் தெரியாது, நல்லெண்ணத்தில்தான் வாங்கினார் என்று ஏற்றுக்கொண்டது. 1942இல் பாரிஸிலிருந்து திடீரென்று லூசெர்னுக்கு வந்து குவிகிற பிரெஞ்சு ஓவியங்களைப் பற்றி, கலை வரலாறு படித்த ஒருவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதை நம்புவது உங்கள் விருப்பம். எனக்கு நம்பச் சிரமமாக இருக்கிறது. ஆனால் அது என் அபிப்பிராயம், தீர்ப்பு தீர்ப்புதான்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுகிற ஓர் இடம் உண்டு. நமக்குச் சிலைத் திருட்டு வழக்குகள் பழக்கம். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியும், திருட்டு என்று தெளிவானதும் 2014இல் திருப்பித் தர வேண்டியிருந்தது. இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கச் சட்டங்களில் பொதுவான விதி, திருடனிடமிருந்து யாருக்கும் உரிமை பிறக்காது என்பது. எத்தனை கை மாறினாலும் அப்படித்தான். சுவிஸ் சட்டம் அப்படி இல்லை. திருட்டு என்று தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவரிடம் ஐந்து வருடத்துக்குள் கேட்காவிட்டால், பொருள் அவருக்கே சொந்தம் என்று இருந்தது. 2005இல்தான் கலைப்பொருள்களுக்கு மட்டும் அதை 30 வருடமாக்கினார்கள். 1945 டிசம்பரில் கொண்டுவந்த ஒரு சிறப்பு ஆணையால்தான் அந்த 13 படங்களுக்கு வழி பிறந்தது. அதற்கும் 1947 கடைசி வரைதான் கெடு. அதற்குள் உயிரோடு மிஞ்சி, படம் எங்கே என்று கண்டுபிடித்து, மனுப்போட்டவர்களுக்குத்தான் கிடைத்தது. குடும்பமே அழிந்துபோன வீடுகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் குறிப்பாகக் கேட்ட அந்தச் சிறுமி படத்துக்கு வருகிறேன். நீலநிற ரிப்பன் கட்டிய செம்பழுப்புக் கூந்தல் தோளிலும் முதுகிலும் வழிய, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கவாட்டாக உட்கார்ந்திருப்பாளே, பின்னால் இலைகள் அடர்ந்து? அது 1880இல் ரென்வார் வரைந்த ஐரீன் காயென் தான்வேர். அப்போது அவளுக்கு எட்டு வயது. அப்பா பாரிஸின் யூத வங்கிக்காரர். ஓவியம் வீட்டாருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ரென்வாருக்குக் கிடைத்த கூலி 1500 பிராங்க். ஐரீன் வளர்ந்து மொய்ஸ் த கமோண்டோ என்ற பெருஞ்செல்வரை மணந்தார், பிரிந்தார். மகன் நிஸிம் முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் செத்தான். அவன் பெயரில் இன்றும் பாரிஸில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. படம் பிற்பாடு மகள் பெயட்ரிஸிடம் போனது.

பெயட்ரிஸ் குடும்பத்தின் ஓவியங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஷாம்போர் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தன. 1941இல் நாஜிகள் அங்கிருந்து இந்தப் படத்தை எடுத்தார்கள். அது நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் கைக்குப் போய், அவர் அதை ஒரு வியாபாரியிடம் வேறு படங்களுக்கு மாற்றிக்கொண்டார். பெயட்ரிஸும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். ஐரீனின் தங்கை எலிசபெத்தும் அங்கே அனுப்பப்பட்டு வழியிலேயே இறந்துபோனார். அவரைச் சிறுமியாக ரென்வார் வரைந்த படம் இன்று சாவ் பாவ்லோவில் இருக்கிறது. போருக்குப் பின் மீட்கப்பட்ட கலைப்பொருள்களை 1946இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது அதில் தன்னுடைய எட்டு வயது முகம் இருப்பதை அறிந்து ஐரீன் கேட்டு வாங்கினார். 1949இல் அதைப் பியூர்லேவுக்கு விற்றார்.

இப்போது சொல்லுங்கள், இது திருட்டுப் படமா? சட்டக் கண்ணில் இல்லை. திருடப்பட்டது, திரும்பக் கிடைத்தது, சட்டப்படியான வாரிசு தன் விருப்பத்தோடு விற்றார். உடைமை வரலாற்றில் ஓட்டை கிடையாது. இவ்வளவு தெளிவான தாளை நான் அபூர்வமாகத்தான் பார்ப்பேன். ஆனால் கொல்லப்பட்ட மகளின் வாரிசாகத் தாய் வாங்கிய படம், ஜெர்மனிக்குப் பீரங்கி விற்றவரின் வரவேற்பறைக்குப் போனது என்பதை எழுதாமல் 'ரென்வார், 1880, கேன்வாஸில் எண்ணெய் வண்ணம்' என்று மட்டும் சீட்டு ஒட்டினால் அது பாதி உண்மை. நீங்கள் கேட்ட 'எதற்கு இத்தனை விளக்கம்' என்பதற்கு இந்த ஒரு படமே போதும்.

அடுத்தது சந்தேகத்துக்குரியவை. வாதம் உண்மையில் நடப்பது இங்கேதான். மோனேயின் வேத்தோய் அருகே பாப்பி வயல் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாக்ஸ் எம்டன் என்ற பெரும் வணிகருடையது. யூத வம்சத்தவர். ஹாம்பர்கில் பிறந்து, டிபார்ட்மென்ட் ஸ்டோர்களால் பணம் சம்பாதித்து, சுவிட்சர்லாந்தின் பிரிஸாகோ தீவில் குடியேறி, சுவிஸ் குடிமகனும் ஆனவர். ஜெர்மனியில் இருந்த சொத்துகளை நாஜி ஆட்சி விழுங்கியது. அவர் 1940இல் இறந்ததும், மகன் தென் அமெரிக்காவுக்குத் தப்பி ஓடும் அவசரத்தில் 1941இல் படத்தை விற்றார்; வாங்கியவர் பியூர்லே. யாரும் பறிக்கவில்லை. விற்பனை நடந்தது நாஜிகளின் கை எட்டாத சுவிட்சர்லாந்தில். பணமும் விற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று சேகரிப்பை வைத்திருக்கும் பியூர்லே அறக்கட்டளை இந்த வாதத்தில்தான் நிற்கிறது. நாஜிகள் இல்லாவிட்டால் அவர் அந்த வருடம் அந்த விலைக்கு விற்றிருப்பாரா என்பது வாரிசுகளின் கேள்வி. இரண்டு பக்கமும் சொல்லும் தகவல்கள் உண்மை. எந்தத் தகவலுக்கு எவ்வளவு எடை என்பதில்தான் சண்டை.

இப்படித் தப்பி ஓடும்போது விற்றவற்றுக்கு 'தப்பியோட்டச் சொத்து' என்று சுவிஸ் அருங்காட்சியகங்கள் தனி வகையே வைத்திருந்தன. கொள்ளைச் சொத்து வேறு, இது வேறு, இதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். 1998இல் 44 நாடுகள் ஏற்ற வாஷிங்டன் கோட்பாடுகள் நாஜிகள் பறிமுதல் செய்த கலைப்பொருள்களுக்கு 'நியாயமான, நேர்மையான தீர்வு' வேண்டும் என்கின்றன. அவை சட்டம் அல்ல, வாக்குறுதி மட்டுமே. அந்த வரியில் கட்டாய விற்பனை அடங்குமா என்பதை ஆளாளுக்கு ஒரு மாதிரி படித்தார்கள். 2024 மார்ச்சில் வெளியான விளக்க விதிகள் நிர்ப்பந்தத்தில் விற்றவற்றையும் தெளிவாக உள்ளே கொண்டுவந்தன. சுவிட்சர்லாந்தும் அதை ஏற்றது. மூன்று மாதம் கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அறக்கட்டளை தானாகவே ஐந்து ஓவியங்களைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னது. கூர்பே, மோனே, வான்கோ, துலூஸ்-லோட்ரெக், கோகன் ஆகியோர் வரைந்தவை, ஆளுக்கு ஒன்று. படங்களில் எந்த மாற்றமும் இல்லை, அவற்றைப் பற்றிய தகவலும் பெரிதாக மாறவில்லை. மாறியது அளவுகோல். 'அப்போதே சொல்லியிருக்கலாமே' என்று கோபப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அதே 2024 ஜூனில், பெர்லினின் ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவரான ரஃபேல் கிராஸ் என்ற வரலாற்றாசிரியர், நகராட்சியும் மாநிலமும் அருங்காட்சியகமும் கேட்டுக்கொண்டதன்பேரில் ஓர் அறிக்கை கொடுத்தார். அறக்கட்டளை தானே செய்துகொண்ட உடைமை வரலாற்று ஆய்வு போதாது, முன்பு யூதர்களுக்குச் சொந்தமாயிருந்த படங்கள் அவர்கள் கணக்கைவிட அதிகம் என்றது அந்த அறிக்கை. என் தொழில் அனுபவத்தில் இது ஆச்சரியமே இல்லை. சொத்துக்காரரே தன் பத்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்பதையும் அவரே முடிவு செய்கிறார்.

சரி, சரிபார்ப்பது என்றால் என்ன செய்வார்கள்? படத்தைத் திருப்புவார்கள். பார்வையாளருக்கு முன்பக்கம், எங்களுக்குப் பின்பக்கம். கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கும் மரச்சட்டத்தில் பழைய கடைகளின் சீட்டுகள், கண்காட்சி முத்திரைகள், சுங்கச்சாவடி ரப்பர் ஸ்டாம்புகள், ஏலக்கூடத்தின் சாக்பீஸ் எண்கள் எல்லாம் இருக்கும். பாரிஸில் கொள்ளையடித்த நாஜி அமைப்பு, எந்தக் குடும்பத்திலிருந்து எடுத்தோம் என்பதைக் குறிக்கும் எழுத்தோடு வரிசை எண்ணும் போட்டு ஒழுங்காகப் பட்டியல் வைத்தது. அந்தக் குறி சில மரச்சட்டங்களில் இன்னும் இருக்கிறது. கொள்ளையனின் கணக்குப்பிள்ளைத்தனம்தான் பிற்பாடு உரிமையாளர்களுக்குச் சாட்சியானது. தொல்லை என்னவென்றால், பழைய கேன்வாஸ் நைந்துபோனால் பின்னால் புதுத்துணி ஒட்டிப் பலப்படுத்துவார்கள், மரச்சட்டத்தையும் மாற்றிவிடுவார்கள். அத்தோடு சீட்டும் ஸ்டாம்பும் போய்விடும். சுரண்டி எடுத்த சீட்டின் பசைத்தடம் மட்டும் சதுரமாக இருக்கும். அந்தச் சதுரம் யாருடையது என்று பழைய புகைப்படங்கள், கடைக்கணக்குகள், ஏலப் பட்டியல்களை வைத்துத் தேட வேண்டும். கிடைத்தால் ஒரு வாரம், கிடைக்காவிட்டால் ஒரு ஆயுள்.

அடுத்தமுறை எங்காவது உடைமை வரலாற்றைப் படித்தால் நிறுத்தக்குறியைப் பாருங்கள். அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவும் பின்பற்றும் மரபு இது: இரண்டு உரிமையாளர் பெயர்களுக்கு நடுவில் அரைப்புள்ளி இருந்தால் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நேரடியாகப் போனது என்று பொருள், முற்றுப்புள்ளி இருந்தால் நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. 1933க்கும் 1945க்கும் நடுவில் முற்றுப்புள்ளி விழுந்தால் என் மாதிரி ஆட்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுப்போம். ஓட்டை இருப்பதாலேயே திருட்டு என்று ஆகிவிடாது. குண்டுவீச்சில் எரிந்துபோன கடைக்கணக்குகள் ஏராளம். ஓட்டையை மறைத்து 'தனியார் சேகரிப்பு, ஐரோப்பா' என்று பூசி மெழுகியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

இப்போது இரண்டாவது கேள்வி, பணம். சூரிச் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வும் அதற்கடுத்த பத்திரிகை விசாரணைகளும் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன். ஜெர்மனியில் இக்காரியா என்ற நிறுவனம் உரிமம் பெற்று ஓர்லிகோன் பீரங்கிகளைச் செய்தது. அங்கே வதைமுகாம் பெண் கைதிகள் அடிமைகளாக வேலை செய்தார்கள்; உரிமத் தொகை பியூர்லேவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்திலேயே, அரசு அதிகாரிகள் 'திருத்துவதற்காக' விடுதியில் அடைத்த இளம்பெண்கள் அவருடைய நூற்பாலையில் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள். இவர்களில் யாருக்கும் சொந்தமாக ரென்வார் கிடையாது. எந்தப் படத்தை யாரிடம் திருப்பிக் கொடுத்தாலும் இவர்கள் கணக்கு தீராது. 13 படங்களைக் கொடுத்தாயிற்று, ஐந்தை இறக்கியாயிற்று, இனி நிம்மதி என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான். படத்தின் உரிமை சுத்தமாவது வேறு, அதை வாங்கிய பணம் சுத்தமாவது வேறு.

அப்படியென்றால் அருங்காட்சியகம் ஏன் இதை ஏற்றது? வெளிப்படையான காரணம்தான். பியூர்லே உயிரோடு இருக்கும்போதே குன்ஸ்ட்ஹவுஸின் புதுக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தார். மோனேயின் இரண்டு பிரம்மாண்டமான அல்லிக்குள ஓவியங்களை 1952இல் அன்பளிப்பாகக் கொடுத்தார். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1958இல் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டபோது உள்ளே மாட்டியது அவருடைய சேகரிப்பையே. 1960இல் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து சுமார் 200 படைப்புகளை அறக்கட்டளைக்கு எழுதிவைத்து ஒரு வீட்டில் காட்சிக்கு வைத்தார்கள். 2008 பிப்ரவரியில் அந்த வீட்டுக்குள் முகமூடியோடு துப்பாக்கி ஏந்தி வந்தவர்கள் நான்கு ஓவியங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மேலே சொன்ன எம்டன் வீட்டுப் பாப்பி வயல் அதில் ஒன்று. அதுவும் வான்கோவும் சில நாளில் ஒரு மனநல மருத்துவமனை வாசலில் நின்ற காருக்குள் கிடைத்தன. செசான் 2012இல் பெல்கிரேடில் அகப்பட்டது. வீட்டில் வைத்துப் பாதுகாக்க முடியாது என்பது அன்று தெளிவானது. குன்ஸ்ட்ஹவுஸோ ஏற்கெனவே விரிவாக்கம் கட்டத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. 2012இல் சூரிச் மக்கள் வாக்கெடுப்பில் அதற்குப் பொதுப்பணம் ஒதுக்கச் சம்மதித்தார்கள். டேவிட் சிப்பர்ஃபீல்டு வடிவமைத்த அந்தக் கட்டடம் 2021 அக்டோபரில் திறந்தது. நீங்கள் நடந்தது அதில்தான். ஒரே நாளில் உலகத்தரமான இம்ப்ரெஷனிஸ்ட் சேகரிப்பு வீட்டுக்கு வருகிறது என்றால் வேண்டாம் என்று சொல்கிற இயக்குநரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சேகரிப்பாளர் தரப்புக்குக் கிடைப்பது பெயர். சுவரில் 'பியூர்லே' என்றால் இனி பீரங்கி ஞாபகம் வராது, மோனே ஞாபகம் வரும். 1990இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இதே சேகரிப்பின் 85 ஓவியங்களை வைத்தபோதே, ஆயுத வியாபாரியைப் புனிதராக்குகிறீர்கள் என்று நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் கண்டித்தார்.

நீங்கள் சலித்துக்கொண்ட எழுத்துகளுக்கும் ஒரு கதை உண்டு. 2021இல் திறந்தபோது இந்த வரலாற்றையெல்லாம் தனி அறையில் ஒதுக்கிவைத்து, ஓவிய அறைகளை அமைதியாக விட்டிருந்தார்கள். எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. மிரியம் கான் என்ற சுவிஸ் ஓவியர், தன் படங்களைக் குன்ஸ்ட்ஹவுஸிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றே அறிவித்தார். 2023 நவம்பரில் காட்சியை மாற்றி, வரலாற்றை ஓவிய அறைகளுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அதுவும் போதாது, பாதிக்கப்பட்ட யூதக் குடும்பங்களின் குரல் உள்ளே இல்லை என்று அதன் ஆலோசனைக் குழுவே திறப்புக்கு முன் விலகிக்கொண்டது. உங்களுக்கு அதிகமாகப் பட்டது அவர்களுக்குக் குறைவாகப் பட்டது. எனக்கு? அளவு சரி, நடைதான் சரியில்லை. நின்றுகொண்டே படிக்கிறவருக்கு மூன்று வரிக்கு மேல் எழுதுகிறவர்கள் யாரும் ஒரு நாளாவது அந்தத் தரையில் நின்று பார்க்க வேண்டும்.

தனியார் சேகரிப்பு என்றாலே இப்படித்தானா என்றால், இல்லை. ஆனால் சிக்கல் வருவது பெரும்பாலும் அப்படிக் கடனாக வரும் கண்காட்சிகளில்தான், ஏனென்றால் அதுவரை யாரும் பார்க்காத படம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது. வியன்னாவின் ருடோல்ஃப் லியோபோல்டு சேர்த்த ஷீலே ஓவியங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தன. கண்காட்சி முடிந்த 1998 ஜனவரியில் 'வாலியின் உருவப்படம்' நாஜிக் காலத்தில் பறிக்கப்பட்டது என்ற புகாரால், அது திரும்பிப் போகாமல் அமெரிக்க அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கு 12 வருடம் நடந்து, பறிகொடுத்தவரின் வாரிசுகளுக்கு 1.9 கோடி டாலர் கொடுத்து 2010இல் சமரசமானது. அதற்கப்புறம் கடன் ஒப்பந்தங்களில், படத்தைப் பிடித்துவைக்க மாட்டோம் என்ற அரசு உத்தரவாதத்தை முன்கூட்டியே கேட்பது சகஜமாகிவிட்டது. என் மேசைக்கு வருகிற கோப்புகளில் முதலில் பார்ப்பதே அந்தத் தாளைத்தான்.

கடைசிக் கேள்வி: ரசித்தது தப்பா? இல்லை. செசானின் 'சிவப்பு மேலங்கிச் சிறுவன்' முன்னால் நின்று, அந்த வலக்கை ஏன் இவ்வளவு நீளம், ஆனாலும் ஏன் உறுத்தவில்லை என்று யோசிக்காமல் வந்தால்தான் நஷ்டம். வான்கோவின் 'விதைப்பவன்' இருக்கிறதே, மஞ்சள் தட்டுப் போன்ற சூரியனும் குறுக்கே சாய்ந்த மரமும், 1888இல் வரைந்தது, அதற்கு ஐந்து நிமிடமாவது கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பியூர்லேவுக்குக் கண் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. அந்தக் கண்ணும் ஏமாந்திருக்கிறது: வான்கோவின் சுயஉருவப்படம் என்று அவர் வாங்கிய ஒன்று, ஜுதித் ஜெரார் என்ற பெண் ஓவியர் பார்த்து வரைந்த பிரதி, வேறு யாரோ அதில் கைவைத்து வான்கோ என்று விற்றுவிட்டார்கள்.

சூரிச் பக்கம் மறுபடி போனால் ரீட்பெர்க் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். அதுவும் ஒரு தனியாரின் சேகரிப்பில் எழுந்ததுதான்: எடுவார்ட் ஃபோன் டெர் ஹைட் என்ற ஜெர்மன் வங்கிக்காரர் நகரத்துக்குக் கொடுத்தது, 1952இல் திறந்தது. அங்கே சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். சீட்டில் உடைமை வரலாறு எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி வரவேற்பு மேசையில் கேட்டால் யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்வார்கள். அப்படிக் கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு.